முந்திரி உண்டோ?



மே மாதம் பிறந்துவிட்டால் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் உள்ள நம்முடைய சபைகளில் பாதி இருக்கைகள் காலியாகிவிடும். அதற்காக எந்தப் போதகரும் வருத்தப்படுவதில்லை. அவரே ஊருக்குப் போயிருப்பார். என் சொந்த ஊர் பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதை ஒட்டிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அன்றுமுதல் எங்கள் உறவினரில் பாதிப் பேர் களியக்காவிளைக்கு அப்புறமும் பாதிப் பேர் இப்புறமுமாக வாழ்கிறோம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து, இரண்டையும் கலந்து பேசி, இரண்டு பக்கத்தாரிடமும் பரிகாசம் வாங்கினவர்கள் நாங்கள். இந்த இரட்டைமொழி ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடக்கூடும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

என் தங்கையின் மகள் பெங்களூரில் வசிக்கிறாள். அவளுடைய மகனுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. மூன்று வயதில் ஒரு பிறந்தநாள் வீட்டில் இனிப்பைக் கடித்துவிட்டு முகம் வீங்கிப்போனான், அப்பொழுதுதான் தெரிந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், அவனுக்கு ஏழு வயதாயிருக்கும்போது, குடும்பமாக ஊருக்கு வந்திருந்தார்கள். வீட்டில் பயமில்லை, என் தங்கை முந்திரியை வாசற்படி ஏறவே விடமாட்டாள். ஒருநாள் பூவாறு பொழிமுகத்தைப் பிள்ளைக்குக் காட்டலாம் என்று புறப்பட்டோம். வழியில் ஓர் உணவு விடுதியில் இறங்கினோம்.

பிள்ளையின் தாய் ஜாக்கிரதையுள்ளவள். ஆப்பமும் காய்கறிக் குருமாவும் கேட்குமுன்பே, தனக்குத் தெரிந்த மலையாளத்தில், "முந்திரி உண்டோ?" என்று விசாரித்தாள். பரிமாறுகிறவர், "இல்லா, முந்திரி ஒன்றுமில்லா" என்று உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. நெய்ச்சோற்றின்மேல் தூவுகிற உலர்ந்த திராட்சையைத்தான் இந்த அம்மாள் வேண்டாம் என்கிறாள் என்று அவர் எண்ணிக்கொண்டார். நம்முடைய முந்திரிப்பருப்புக்கு அங்கே அண்டிப்பருப்பு என்றும், கசுவண்டி என்றும், பறங்கியண்டி என்றும் பெயர். குருமாவில் அது விழுதாக அரைத்துச் சேர்க்கப்பட்டிருந்தது.

இதை அறியாதவனா நான்? மலையாள வேதாகமத்தில் திராட்சச்செடிக்கு முந்திரிவள்ளி என்றும், திராட்சத்தோட்டத்துக்கு முந்திரித்தோட்டம் என்றுமே இருக்கிறது. வேதாகமக் கல்லூரியில் என்னோடு படித்த மதுரைச் சகோதரர் ஒருவர், மலையாளப் பிரசங்கம் ஒன்றைக் கேட்டுவிட்டு, "நாபோத்து நம்ம பண்ருட்டிக்காரன் மாதிரி முந்திரிக்காடு வைத்திருந்தானா?" என்று கேட்க, விடுதி முழுவதும் ஒரு வாரம் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் பங்குபெற்ற நான், அன்றைக்கு அதே மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து, நற்செய்திக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி ஒழுங்குசெய்வதைப்பற்றிக் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதும் என் காதில் விழுந்தது. அவர் சொன்னதும் விழுந்தது. மனதில்தான் விழவில்லை.

நாலு வாய் சாப்பிட்டிருப்பான். "அம்மா, நாக்கு குத்துது" என்றான். பின்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். கழுத்திலும் மார்பிலும் தடிப்புகள் எழும்பின. குரல் கரகரத்துப்போனது. தாய் கைப்பையைத் திறந்து ஊசிப் பெட்டியை எடுத்தபோது, மூத்தவன் என்கிற அதிகாரத்தில் நான், "பொறு அம்மா, முதலில் அவில் மருந்து கொடுத்துப் பார்ப்போம், ஜெபிப்போம், ஊசிக்கு அவசரப்படாதே" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. "மாமா, நீங்கள் ஜெபியுங்கள், ஊசியை நான் போடுகிறேன்" என்று சொல்லி, பிள்ளையின் தொடையின் வெளிப்புறத்தில் ஊசியை ஏற்றினாள். பத்து நிமிடத்துக்குள் அவன் குரல் திரும்பிற்று. மருத்துவமனையில் இரண்டாவது ஊசியும் வேண்டியிருந்தது. ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள்.

என்னுடைய அந்த ஆலோசனையை அவள் கேட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பிற்பாடு வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டேன். அவில், செட்ரிசின் போன்ற மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். அடைபடுகிற மூச்சுக்குழலைத் திறக்கவோ விழுகிற இரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அவைகளால் கூடாது. அதைச் செய்வது அட்ரினலின் ஒன்றே. அமெரிக்காவில் சாம்ப்சன் என்னும் வைத்தியரும் அவர் உடன் ஊழியரும், ஆகார ஒவ்வாமையால் மரித்த 6 பிள்ளைகளையும், மரணவாசல்வரை சென்று மீண்ட 7 பிள்ளைகளையும்பற்றி 1992ஆம் ஆண்டில் எழுதினார்கள். மீண்ட எழுவரில் ஆறு பேருக்கு அரைமணி நேரத்துக்குள் அட்ரினலின் கிடைத்திருந்தது. மரித்த அறுவரில் இரண்டு பேருக்கே முதல் ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. இங்கிலாந்தில் பம்ஃப்ரி என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆகாரத்தால் நேர்ந்த மரணங்களில் மூச்சோ இருதயமோ நின்றுபோக எடுத்த காலம் நடுத்தரமாக 30 நிமிடங்கள் என்று கண்டார். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். ஆனால் விடுமுறைக்கால மாலையில் அந்தத் தேசிய நெடுஞ்சாலையில் சென்றவர்களுக்கு 30 நிமிடம் என்பது எவ்வளவு சிறியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது மேல்நாட்டாரின் வியாதி, நம் பிள்ளைகளுக்கு வராது என்று சொல்லுகிறவர்கள் இன்றும் உண்டு. பெங்களூரையும் மைசூரையும் சேர்ந்த பெரியவர்களிடையே நடந்து 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேற்பட்டவர்களிடம் ஆகார ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று காட்டியது. நூறு குடும்பங்கள் உள்ள சபையில் இப்படிப்பட்டவர் இரண்டொருவராவது இருப்பார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

மேல்நாட்டில் சட்டம் இருக்கிறதே, அங்கே பயமில்லையே என்றும் நினைக்கவேண்டாம். இங்கிலாந்தின் வட யார்க்ஷயரில் 2014ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பால் வில்சன் என்பவர் ஓர் இந்திய உணவு விடுதியிலிருந்து, தனக்குக் கொட்டைப்பருப்பு ஆகாது என்று சொல்லியே, கோழிக்கறி வாங்கிச் சென்றார். அதை உண்டு தம் வீட்டிலேயே மரித்தார். விடுதிக்காரர் செலவைக் குறைப்பதற்காகப் பாதாம் பொடிக்குப் பதிலாக நிலக்கடலை கலந்த மலிவான பொடியை வாங்கிச் சேர்த்திருந்தார். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருக்கு ஆறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. 2014 டிசம்பர் முதல் அந்நாட்டில் சிறிய கடை, பெரிய கடை என்ற பேதமின்றி எல்லா உணவு விடுதிகளும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப்பற்றிய விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகும், 2017ஆம் ஆண்டு ஏப்ரலில், ஓவன் கேரி என்னும் வாலிபன் தன் 18ஆம் பிறந்தநாளைக் கொண்டாட லண்டனில் ஒரு விடுதிக்குப் போனான். பால் ஆகாது என்று சொன்னான். வாட்டிய கோழியைத் தெரிந்தெடுத்தான். கோழி மோரில் ஊறவைக்கப்பட்டிருந்தது. பட்டியலில் அது எழுதப்படவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தெருவில் விழுந்தான். மோரிலும் தயிரிலும் கோழியை ஊறவைக்காத சமையற்காரன் நம் நாட்டில் உண்டோ?

நம்முடைய நாட்டிலும் விதி இல்லாமலில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டில் பிறப்பித்த விதிகளின்படி, பொட்டலத்தில் அடைத்த உணவில் பசையுள்ள தானியங்கள், இறால் நண்டு வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டைப்பருப்புகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவை இருந்தால் அச்சிட்டுச் சொல்லவேண்டும். உணவு விடுதிகளைப் பொறுத்தமட்டில், மத்திய உரிமம் பெற்றவைகளும், 10 இடங்கள் அல்லது அதற்கு மேல் கிளை உள்ளவைகளுமே இவற்றை வாடிக்கையாளருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவை. உதியன்குளங்கரையிலோ வெள்ளறடையிலோ வாழையிலை போட்டுப் பரிமாறுகிற கடை இதற்குள் வராது. அங்கே நமக்கு இருக்கிற ஒரே பட்டியல் சமையற்காரனின் வாய்தான். ஆகையால் அவனுடைய மொழியில் கேட்க அறியவேண்டும்.

முந்திரி மட்டும் அல்ல. தமிழில் நாம் கடலை என்றால் பெரும்பாலும் நிலக்கடலை. மலையாளத்தில் கடல என்றால் புட்டோடு வைக்கிற கொண்டைக்கடலை. "கடலை இல்லாமல் கொடுங்கள்" என்று நீங்கள் சொன்னால், அவர்கள் கடலக்கறியை விலக்கிவிட்டு, நிலக்கடலை அரைத்த சட்னியை அன்போடு கொண்டுவந்து வைக்கக்கூடும். நிலக்கடலைக்கு அங்கே கப்பலண்டி என்று கேட்கவேண்டும். (கப்பலில் வந்த பருப்பு கப்பலண்டி, பறங்கியர் கொண்டுவந்தது பறங்கியண்டி, சரித்திரத்தையே சமையலறையில் வைத்திருக்கிறார்கள்.) இறாலுக்குக் கொஞ்சு என்றும் செம்மீன் என்றும் பெயர். மீன் ஆகும், இறால் ஆகாது என்கிறவர் செம்மீன் என்பதை ஏதோ சிவந்த மீன் என்று நினைத்துவிடக் கூடாது. சம்மந்தி என்றால் நமக்குப் பெண் கொடுத்த வீட்டார். அங்கே அது துவையல், அதிலும் சில வீடுகளில் உலர்ந்த இறாலை வறுத்து இடித்துச் சேர்ப்பது உண்டு. புளிச்சேரி என்னும் குழம்பு புளியில் செய்ததல்ல, தயிரில் செய்தது.

பாறசாலைப் பக்கத்தில் தமிழ் அறியாத கடைக்காரர் குறைவு. நெய்யாற்றின்கரை தாண்டினால் குறைந்துகொண்டே போகும். இக்காலத்தில் அதுவும் போதாது. அடுப்படியில் நிற்கிற வாலிபர்கள் அநேகர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு முந்திரி காஜு. வங்காளத்தாருக்கு நிலக்கடலை சீனாபாதாம். வெறுமனே பாதாம் என்றாலும் அவர்களிடத்தில் நிலக்கடலையைக் குறிக்கலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவன் படுகிற மொழிக்கஷ்டம் நம்முடைய வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆகவே கோபமாகக் கேளாமல், எழுதிக் காட்டுவது நலம்.

என் தங்கை மகள் அவ்விதமே செய்தாள். உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் மலையாளத்திலும் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி, கண்ணாடிக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறாள். மலையாளம் நான் எழுதிக்கொடுத்தது. மற்றவற்றை அந்தந்த மொழிக்காரரிடம் எழுதி வாங்கினாள். "முந்திரி வேண்டாம்" என்று ஒரு வரியோடு நிறுத்தினால் பயனில்லை. பரிமாறுகிறவர் மேலே கிடக்கிற பருப்பைப் பொறுக்கியெடுத்துவிட்டு அதே கிண்ணத்தைக் கொண்டுவருவார். பாயசத்தில் ஒரு பருப்பு வறுத்துப் போட்ட நெய் முழுப் பாத்திரத்துக்கும் பரவியிருக்கிறது. ஆகையால் அட்டையில், இந்தப் பிள்ளை அண்டிப்பருப்பும் பிஸ்தாவும் சிறிதளவு உண்டாலும் உயிருக்கு ஆபத்து. அரைத்த விழுது, வறுத்த நெய், அதே கரண்டி, அதே எண்ணெய்ச்சட்டி எதுவும் ஆகாது. தயவுசெய்து சமைக்கிறவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்லுங்கள் என்று இருக்கிறது. பிஸ்தாவைச் சேர்த்ததற்குக் காரணம், முந்திரி ஆகாதவர்களில் அநேகருக்கு அதுவும் ஆகாது. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்.

கேட்கும் வேளையும் முக்கியம். மதியம் ஒன்றரை மணிக்கு, நாற்பது பேர் சோற்றுக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கையில், எந்தச் சமையற்காரனும் உங்கள் அட்டையை வாசிக்கமாட்டான். பதினொன்றரைக்கே போய்விடுங்கள், அல்லது மூன்று மணிக்குப் போங்கள். நிச்சயமாய்த் தெரியாது என்று அவர் சொன்னால், "பரவாயில்லை" என்று இலையில் உட்காராமல் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். தெரியாது என்று சொன்னவன்தான் உங்களுக்கு நன்மை செய்தவன். விழுதும் குழம்புமான பதார்த்தங்களை விட்டு, கண்ணுக்குத் தெரிகிற எளிய ஆகாரத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஆவியில் வெந்த புட்டும் பழமும், அவித்த ஏத்தப்பழம், கஞ்சியும் சிறுபயறும், தோலோடு அவித்த முட்டை இவைகளில் ஒளிந்திருக்க இடம் குறைவு. குழிமந்தி, பிரியாணி, ஸ்டூ, பேக்கரிப் பலகாரங்கள் ஆகியவை முந்திரி ஆகாதவருக்கு அல்ல. இறால் ஆகாதவர் கடற்கரைக் கடைகளில் பொரித்தது எதையும் தொடாதிருப்பது நல்லது. கொஞ்சும் கோழியும் ஒரே எண்ணெயில்தான் முழுகி எழும்புகின்றன. முட்டை ஆகாதவருக்கு, பரோட்டா போடுகிற அதே கல்லில் முட்டையும் ஊற்றப்படுகிறது என்பதை நினைப்பூட்டுகிறேன்.

ஊசியைப்பற்றி. வெளிநாடுகளில் பேனாவைப்போல அழுத்தினால் தானே பாய்கிற அட்ரினலின் கருவி உண்டு. நம் ஊர் மருந்துக்கடையில் அது எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்து வைத்திருப்போரும் உண்டு. கிடைக்காதவர்கள் சிறு கண்ணாடிக் குப்பியில் வரும் அட்ரினலினையும் சிரிஞ்சையும் தங்கள் வைத்தியரிடம் கேட்டு, அளவை எழுதி வாங்கி, போடவும் பழகிக்கொள்ளவேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு, பிள்ளைகளுக்கு 0.3, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேற்படாது. ஆனாலும் உங்கள் பிள்ளைக்குரிய அளவை உங்கள் வைத்தியரே குறிக்கவேண்டும். தொடையின் நடுவே வெளிப்புறத் தசையில் போடவேண்டும். குணம் தெரியாவிட்டால் 5 முதல் 15 நிமிடங்களுக்குள் இரண்டாவது ஊசி வேண்டியிருக்கும். ஆகையால் இரண்டு ஊசிக்கானது கையில் இருக்கட்டும். பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரவிடலாம். எழுப்பி நடத்திக் கூட்டிக்கொண்டு போகாதிருங்கள், அப்படித் திடீரென நிமிர்ந்தமையால் மரித்தவர்கள் உண்டு. தேறிவிட்டான் என்று வீட்டுக்குத் திரும்பாமல் மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்து அது மறுபடியும் எழும்பக்கூடும். 108 என்னும் எண் எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. ஊருக்குப் போன முதல் நாளே, பாறசாலை தாலுகா மருத்துவமனையோ, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையோ, காரக்கோணம் மருத்துவக் கல்லூரியோ, குழித்துறை அரசு மருத்துவமனையோ, உங்களுக்கு எது கிட்ட என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டியை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதிருங்கள். சூட்டில் அது கெட்டுப்போகும்.

உணவு விடுதியைவிட எனக்கு அதிகப் பயம் நம்முடைய விருந்துகளைக் குறித்தே. கன்வென்ஷன் முடிந்த அன்பின் விருந்தில், கல்யாண வீட்டில், ஓர் அக்காளோ அத்தையோ ஆசையாய் இனிப்பைப் பிள்ளையின் வாயில் வைத்துவிடுவார்கள். தாய் தடுத்தால், "ஜெபித்துவிட்டுத்தானே கொடுக்கிறேன், விசுவாசம் இல்லையா?" என்பார்கள். அந்த வார்த்தையை நானும் முன்பு பிரசங்க பீடத்திலிருந்து சொல்லியிருக்கிறேன். யாரை மனதில் வைத்துச் சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. அவர்களிடத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்துப் பார் என்று சொன்னவன் யார் என்பதை நாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்தோம். பவுலின் பிரயாணங்களில் கூட இருந்தவரில் ஒருவர் வைத்தியர். கடலிலும் காட்டிலும் தேவன் காப்பார் என்று விசுவாசித்த அந்த மனிதன் வைத்தியரை ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லையே.

பிள்ளை குணமான பின்பு நான் அந்த விடுதிக்குத் திரும்பிப் போனேன். சண்டைபோட அல்ல. சமையற்காரர் வயதில் மூத்தவர்; நடந்ததைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார். "அந்த அம்மா முந்திரி அல்லவா கேட்டது? அண்டிப்பருப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே" என்று கண் கலங்கினார். முந்திரிக்குத் தமிழில் என்ன பொருள் என்று அவருக்குச் சொன்னேன். பரிமாறுகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அவர்களுக்கும் சொல்லவைத்தார்.

கடந்த மே மாதம் மறுபடியும் பூவாறு போனோம். பிள்ளையே முன்னால் ஓடி, அட்டையை அவரிடத்தில் நீட்டினான். மூக்குக்கண்ணாடியைப் போட்டு மூன்று மொழியையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மோனே, இன்றைக்குக் காலையில் ஸ்டூவுக்கு அண்டிப்பருப்பு அரைத்திருக்கிறோம், மிக்ஸி கழுவியும் எனக்குத் திருப்தி இல்லை. கஞ்சியும் பயறும் வேறே பாத்திரத்தில் இருக்கிறது, அது தரட்டுமா?" என்று கேட்டார். பிள்ளை தாயைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். நாங்கள் ஐந்து பேரும் அன்றைக்குக் கஞ்சியே குடித்தோம்.